மன்றத்தில் யாரோ எழுதினால் நோட்டீஸ் யாருக்கு வரும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்காக எழுதப்பட்டது?

இணையத்தில் சின்னதாக ஒரு மன்றமோ குழுவோ நடத்துபவர்களுக்காக. பள்ளித் தோழர்கள் குழு, குடியிருப்போர் சங்கக் குழு, மாடித்தோட்ட மன்றம், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் மன்றம் என்று எதுவாகவும் இருக்கலாம். பதினோரு ஆண்டுகளாக நானும் தோட்டக்காரர்களுக்கான ஒரு தமிழ் மன்றத்தை நடத்தி வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஒரு முறை நோட்டீஸ் வந்து, பயந்து, தவறான ஒரு முடிவை எடுத்து, அதற்குப் பிறகு சட்டத்தை உட்கார்ந்து படித்தவன். உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இந்தப் பக்கம் உதவும்.

உறுப்பினர் ஒருவர் எழுதியதற்கு நடத்துபவர் பொறுப்பா?

பொதுவாக இல்லை. எழுதியவர்தான் பொறுப்பு. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு இதைச் சொல்கிறது. பிறருடைய எழுத்தை வாங்கி, சேமித்து, மற்றவர்களுக்குக் காட்டும் சேவையைச் சட்டம் இடைநிலையாளர் என்கிறது. கூகுள், ஃபேஸ்புக்கும் இடைநிலையாளர்தான், முந்நூறு பேர் இருக்கும் உங்கள் மன்றமும் இடைநிலையாளர்தான்.

இந்தப் பாதுகாப்புக்கு நிபந்தனைகள் உண்டு. பதிவை நீங்கள் தொடங்கி வைத்திருக்கக் கூடாது, அது யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது, உள்ளடக்கத்தில் கை வைத்து மாற்றியிருக்கக் கூடாது. விதிகளில் சொன்ன கவனத்தோடு நடத்த வேண்டும். சட்டவிரோதமானது என்று உரிய வழியில் தெரியவந்த பிறகும் விட்டுவைத்தால் பாதுகாப்பு போய்விடும். அந்த 'உரிய வழி' எது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கீழே வருகிறேன்.

மன்றம் நடத்துபவருக்கு எதற்குத் தனியாக ஒரு பாதுகாப்பு?

1994 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்ததைச் சொன்னால் புரியும். ப்ராடிஜி என்று ஓர் இணையச் சேவை இருந்தது. ஐபிஎம், சியர்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. அதில் 'மணி டாக்' என்ற பங்குச் சந்தை மன்றத்தில், பெயர் தெரியாத ஒருவர் ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என்று எழுதினார். நிறுவனம் ப்ராடிஜி மீது 20 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1991-ல், காம்ப்யூசர்வ் என்ற போட்டிச் சேவை மீது இதே போன்ற வழக்கு வந்திருந்தது. எதையும் படித்துப் பார்க்காமல் அப்படியே வெளியிடுகிறார்கள், புத்தகக் கடைக்காரர் போலத்தான், அதனால் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. ப்ராடிஜி அப்படி இல்லை. குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த இடம் என்று விளம்பரம் செய்து, கெட்ட வார்த்தைகளை மென்பொருள் வைத்து வடிகட்டி, மன்றத்துக்கு ஆள் போட்டுக் கண்காணித்தது. அதனால் அது பத்திரிகை ஆசிரியர் மாதிரி, பொறுப்பு உண்டு என்று 1995-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விளைவைப் பாருங்கள். வாசலைக் கூட்டி வைத்தவர் மாட்டிக்கொண்டார், குப்பையை அப்படியே விட்டவர் தப்பித்தார். இது நீடித்தால் மன்றத்தைச் சுத்தமாக வைக்க எவரும் முன்வர மாட்டார்கள் என்று கிறிஸ் காக்ஸ், ரான் வைடன் என்ற இரண்டு அமெரிக்க மக்களவை உறுப்பினர்கள் உணர்ந்தார்கள். அப்படி 1996-ல் பிறந்ததுதான் அமெரிக்கத் தகவல்தொடர்புச் சட்டத்தின் 230-வது பிரிவு. பிறர் எழுதியதற்குச் சேவை நடத்துபவரை வெளியீட்டாளராகக் கருதக் கூடாது என்று சொல்லும் அதன் முக்கிய வாக்கியத்தில் 26 ஆங்கிலச் சொற்களே இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1999-ல் ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட்டின் நிறுவனர் ஜோர்டன் பெல்ஃபோர்ட்டும் தலைவர் டேனியல் போருஷும் பங்குச் சந்தை மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஒரு மன்றத்தில் யாரோ எழுதிய எச்சரிக்கையை 20 கோடி டாலர் வழக்கால் அடக்கப் பார்த்தவர்கள் இவர்கள்தான்.

இந்தியாவில் இந்தப் பாதுகாப்பு முதலிலிருந்தே இருந்ததா?

2000-ல் வந்த மூலச் சட்டத்தில் அரைகுறையாக இருந்தது. 2004-ல் பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தில் சிறார் சம்பந்தப்பட்ட ஆபாசக் காணொளி ஒன்றை ஒருவர் விற்பனைக்குப் போட்டார். தளம் அதை நீக்கியது. ஆனாலும் தலைமை நிர்வாகி அவ்னிஷ் பஜாஜ் கைது செய்யப்பட்டார். உச்ச நீதிமன்றம் அவரை முழுவதுமாக விடுவித்தது 2012-ல்! அதுவும் நிறுவனத்தைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் அவரை மட்டும் சேர்த்தது செல்லாது என்ற காரணத்தால். எட்டு ஆண்டுகள்.

அந்தக் கைது கிளப்பிய விவாதத்துக்குப் பிறகு 2008-ல் சட்டம் திருத்தப்பட்டது, 2009 அக்டோபர் 27 முதல் இன்றைய 79-வது பிரிவு நடைமுறைக்கு வந்தது. இந்தத் தேதி முக்கியம். விசாகா என்ற கல்நார் நிறுவனம், கூகுள் குரூப்ஸ் மன்றம் ஒன்றில் 2008-ல் வந்த பதிவுகளுக்காக கூகுள் இந்தியா மீது அவதூறு வழக்குப் போட்டது. அப்போது இருந்த பழைய பிரிவு அவதூறு வழக்குக்குப் பொருந்தாது, விசாரணையைச் சந்தியுங்கள் என்று 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவு வந்து பதினோரு ஆண்டு கழித்து! கூகுள் தாங்கும். நம் மன்றத்தில் பதினோரு ஆண்டு வழக்காட யாருக்கு வசதி இருக்கிறது?

'தெரியவந்த பிறகு' என்றால் என்ன? யாராவது மின்னஞ்சல் அனுப்பினால் போதுமா?

போதாது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்த தீர்ப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பில் 79-வது பிரிவுக்கும் விளக்கம் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவோ, அரசின் உரிய அறிவிப்போ வந்தால்தான் 'தெரியவந்தது' என்று பொருள். யார் வேண்டுமானாலும் 'இது அவதூறு, நீக்கு' என்று கேட்டு, அதில் எது நியாயம் என்று நடத்துபவரே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தால், வருகிற கோரிக்கைகளைச் சமாளிக்கவே முடியாது என்பது நீதிமன்றத்தின் காரணம்.

இதற்கு விலக்கு உண்டு. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமில்லாமல் போட்டிருந்தால், அவர் புகார் சொன்னதுமே நீக்க வேண்டும். இடைநிலையாளர்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த 2021 விதிகள் இதற்கு 24 மணி நேரம்தான் தந்தன. நீதிமன்ற உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கும் விஷயமே இல்லை இது. பார்த்த நொடியில் நீக்குங்கள். பதிப்புரிமைப் புகாரும் வேறு மாதிரி, அதையும் சொல்கிறேன்.

வக்கீல் நோட்டீஸ் வந்தால் பதிவை நீக்கித்தான் ஆக வேண்டுமா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2022 ஜூனில் எங்கள் மன்றத்தில் ஓர் அம்மா, ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய கத்தரி விதை முளைக்கவில்லை என்று எழுதினார். படமும் போட்டிருந்தார். நாற்பது குழி நாற்றுத் தட்டு. மூன்று குழியில் மட்டும் பச்சை. ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் ஐஸ்கிரீம் குச்சியில் விதைத்த தேதி. திட்டி ஒரு வார்த்தை இல்லை. 'வேறு யாருக்காவது இப்படி ஆச்சா?' என்றுதான் கேட்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. 'எனது கட்சிக்காரரின் அறிவுறுத்தலின் பேரில்' என்று தொடங்கி நான்கு பக்கம். பதிவை உடனே நீக்க வேண்டும், பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டும், மான நஷ்டமாக 25 லட்சம் ரூபாய் பதினைந்து நாளில் தர வேண்டும். மன்றத்தை நடத்த எனக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு 8,400 ரூபாய். அன்று இரவு பதினொரு மணிக்கு அந்தப் பதிவையும் அதன் கீழ் வந்த பத்துப் பதினைந்து பதில்களையும் அடியோடு அழித்தேன். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்த வழக்கறிஞர் நோட்டீஸைப் படித்துவிட்டு, 'எதுக்கு சார் அழிச்சீங்க?' என்றார். வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு அல்ல, அதில் எந்தத் தொகையை வேண்டுமானாலும் எழுதலாம், எழுதுவதற்குக் கட்டணம் கிடையாது என்று விளக்கினார். வழக்காகப் போட வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 25 லட்சத்துக்கு 75,000 ரூபாய். 'அதைக் கட்டிட்டு வந்தா அப்போ பேசுவோம்' என்றார். பதில் நோட்டீஸுக்கு 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. மான நஷ்ட வழக்குப் போட ஓராண்டுதான் கெடு. அதுவும் முடிந்துவிட்டது.

ஆக, நோட்டீஸ் வந்தால் நீக்கித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில்: கட்டாயம் இல்லை. ஆனால் குப்பையில் போடவும் கூடாது. தேதியோடு எடுத்து வையுங்கள், பதிவின் நகலைச் சேமியுங்கள், எழுதியவரிடம் கேளுங்கள், பதில் அனுப்புங்கள். பதிவு அப்பட்டமான வசை என்று உங்களுக்கே தோன்றினால் நீக்குவதில் தவறில்லை. உண்மை என்று நம்பக் காரணம் இருந்தால், ஒரு நாளாவது பொறுங்கள்.

மோசமான பதிவுகளை நானே நீக்கினால், ப்ராடிஜி போல மாட்டிக்கொள்வேனா?

மாட்டீர்கள். விதிகளுக்கு முரணான பதிவுகளைத் தானாக முன்வந்து நீக்குவது 79-வது பிரிவின் பாதுகாப்பைப் பாதிக்காது என்று 2021 விதிகளே சொல்கின்றன. ஆபத்து எங்கே என்றால், திருத்துவதில். உறுப்பினரின் பதிவில் ஒரு வரியைச் சேர்ப்பது, காரமாகத் தலைப்பை மாற்றி வைப்பது இதெல்லாம் வேண்டாம். நீங்கள் சேர்த்த வரி உங்கள் வரி. முழுதாக விடுங்கள், அல்லது முழுதாக நீக்குங்கள்.

பதிப்புரிமைப் புகார் எப்படி வேறுபடுகிறது?

'இன்ன பதிவில் இருக்கும் இந்தப் பாட்டு என்னுடையது' என்று உரிமையாளர் குறிப்பாகச் சுட்டிக்காட்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், அதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. மைஸ்பேஸ் மீது டி-சீரிஸ் நிறுவனம் போட்ட வழக்கில் 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வகுத்தது இது. பொத்தாம்பொதுவாக 'உங்கள் தளத்தில் என் பாட்டுகள் இருக்கின்றன' என்பது போதாது. எது, எங்கே என்று சொல்ல வேண்டும். மன்றத்தில் முழுப் புத்தகத்தைப் பிடிஎஃப் ஆகப் போடுகிற பழக்கம் நம்மிடையே அதிகம். புகார் வந்தால் அதை எடுத்துவிடுங்கள், வாதாட ஒன்றுமில்லை.

சட்டம் நம் பக்கம் இருந்தால் பிறகென்ன பயம்?

பணம்தான். வியோ என்று ஒரு காணொளித் தளம் அமெரிக்காவில் இருந்தது. யூடியூப் மாதிரி, ஆனால் சிறியது. யுனிவர்சல் இசை நிறுவனம் அதன் மீது பதிப்புரிமை வழக்குப் போட்டது. 2009-ல் கீழ் நீதிமன்றத்தில் வியோ வென்றது. 2011-ல் மேல்முறையீட்டிலும் வென்றது. ஆனால் இரண்டுக்கும் நடுவில், 2010-லேயே, வழக்குச் செலவு தாங்காமல் திவாலாகியிருந்தது. மேல்முறையீட்டில் ஜெயித்தபோது தளம் வேறு கைக்குப் போய்விட்டிருந்தது.

அதே காலத்தில் வயாகாம் நிறுவனம் 2007-ல் யூடியூப் மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. ஏழு ஆண்டு இழுத்து, 2014-ல் சமரசத்தில் முடிந்தது. யூடியூபுக்குப் பின்னால் கூகுள் இருந்தது. இரண்டு தளங்களும் நம்பியது ஒரே சட்டத்தின் ஒரே பாதுகாப்பை. ஒன்று இன்று உங்கள் கைப்பேசியில் இருக்கிறது, மற்றதன் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள்.

பெரிய நிறுவனங்களுக்கும் ஆயிரம் கோடிக் கணக்கில் அபராதம் போடுகிறார்களே?

போடுகிறார்கள், போடவும் வேண்டும். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு கைப்பேசிச் சந்தையில் தன் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மறுவாரமே ப்ளே ஸ்டோர் கட்டண முறைக்காக இன்னொரு 936.44 கோடி. 2018-லேயே தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காக 135.86 கோடி போட்டிருந்தது. அந்தப் புகாரைக் கொடுத்தவர்களில் ஒருவர் நம் சென்னையின் மேட்ரிமோனி டாட் காம்.

ஆனால் வலிக்கிறதா என்று பாருங்கள். 2019-ல் அமெரிக்க அரசு அமைப்பு ஃபேஸ்புக்குக்குப் போட்ட அபராதம் 500 கோடி டாலர். தலை சுற்றும் தொகை. முந்தைய ஆண்டு அந்த நிறுவனத்தின் வருமானம் 5,580 கோடி டாலருக்கும் மேல். ஏறக்குறைய ஒரு மாத வருமானம்தான் அந்த அபராதம். செய்தி கசிந்த அன்று பங்கு விலை இறங்கவில்லை, ஏறியது. ஒரு மாதச் சம்பளம் போனால் நமக்குக் கஷ்டம்தான். ஆனால் எனக்கு வந்த நோட்டீஸ் கேட்டது, மன்றத்தை ஏறக்குறைய முந்நூறு ஆண்டு நடத்தும் செலவை.

அப்படியானால் விதிகளைக் கடுமையாக்கினால் யாருக்கு அடி?

இந்திய விதிகளில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள தளங்களுக்குத் தனிப் பொறுப்புகள், மற்றவர்களுக்குக் குறைவு. தலைமை இணக்க அதிகாரி, காவல்துறையோடு பேச எந்நேரமும் ஓர் ஆள் என்பதெல்லாம் பெரியவர்களுக்குத்தான்.

பிரிட்டனில் 2023 இணையப் பாதுகாப்புச் சட்டம் சிறிய மன்றங்களையும் வளைக்குள் கொண்டுவந்தது. அபராதம் 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருமானத்தில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம். லண்டனில் சைக்கிள் பிரியர்களுக்காகப் பல ஆண்டுகளாக ஓடிய மன்றத்தை நடத்தியவர், தனி ஆளாக இந்தச் சுமையைத் தாங்க முடியாது, மூடுகிறேன் என்று 2024 டிசம்பரில் அறிவித்தார். குழந்தைகளைக் காக்க வந்த சட்டம் அது, நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சைக்கிள் மன்றத்தில் இருந்தவர்கள் அடுத்து எங்கே போவார்கள்? ஃபேஸ்புக் குழுவுக்குத்தான்.

நான் வாட்ஸ்அப் குழுவின் அட்மின். உறுப்பினர் எதையாவது போட்டால் என்னைப் பிடிப்பார்களா?

அட்மின் என்பதற்காக மட்டும் பொறுப்பாக்க முடியாது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் இதைத் தெளிவாகச் சொல்லின. நம் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில் அதே வழியில் போனது. வேறு எதுவும் செய்யாமல் அட்மினாக மட்டும் இருந்திருந்தால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் கூடாது என்றது. நீங்களும் சேர்ந்து திட்டமிட்டிருந்தால் கதை வேறு.

நான் எழுதவில்லை, ஃபார்வர்ட் மட்டும்தான் செய்தேன். அதற்குமா?

அதற்கும்தான். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை 2018-ல் பகிர்ந்த வழக்கில், 'படிக்காமல் அனுப்பிவிட்டேன், பிறகு நீக்கி மன்னிப்பும் கேட்டுவிட்டேன்' என்பது எஸ்.வி.சேகரின் வாதம். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அனுப்பிய செய்தி வில்லிலிருந்து விடுபட்ட அம்பு என்றது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. மன்றம் நடத்துபவருக்குள்ள பாதுகாப்பு பகிர்பவருக்குக் கிடையாது.

சிறிய மன்றம் குறைந்தபட்சம் என்ன செய்து வைக்க வேண்டும்?

விதிமுறைகளும் தனியுரிமைக் கொள்கையும் புரிகிற தமிழில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவர் பெயரும் தொடர்பு வழியும் வேண்டும். தனி ஆள் நடத்தினால் அது நீங்கள்தான். 2021 விதிகளின்படி புகார் வந்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, 15 நாளில் முடிக்க வேண்டும் என்பது முதலில் இருந்த கெடு. நீதிமன்றமோ அரசோ நீக்கச் சொன்னால் முதலில் தரப்பட்ட கெடு 36 மணி நேரம். பிறகு வந்த திருத்தங்கள் கெடுக்களை இறுக்கியிருக்கின்றன, அதனால் நடப்பு விதியை அரசுத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: உத்தரவின்படி நீக்கிய பதிவை விசாரணைக்காக 180 நாள் பாதுகாத்து வைக்க வேண்டும். பார்வையிலிருந்து எடுங்கள், சேமிப்பிலிருந்து அல்ல.

உறுப்பினர்களிடம் தேவையில்லாத விவரம் வாங்காதீர்கள். 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். தோட்ட மன்றத்துக்கு எதற்குப் பிறந்த தேதியும் வீட்டு முகவரியும்? நான் எடுத்துவிட்டேன்.

எழுதியவர் யார் என்று கேட்டால் சொல்ல வேண்டுமா?

உரிய அதிகாரம் உள்ள அரசு அமைப்பு எழுத்துப்பூர்வமான உத்தரவோடு கேட்டால் தர வேண்டும், விதிப்படி 72 மணி நேரத்துக்குள். தனியார் வக்கீல் கேட்டால், தொலைபேசியில் யாரோ 'ஸ்டேஷன்ல இருந்து பேசறோம்' என்றால், தர வேண்டியதில்லை. எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லுங்கள்.

இலங்கையிலிருந்து நடத்துகிறேன். எனக்கும் இதே சட்டமா?

இல்லை. அங்கே 2024-ம் ஆண்டின் 9-ம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொருந்தும். பொய்யான கூற்று எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அது தருகிறது. மேலே சொன்ன இந்தியத் தீர்ப்புகளை நம்பி அங்கே முடிவெடுக்காதீர்கள்.

அந்தக் கத்தரி விதைப் பதிவு இப்போது எங்கே?

என் காப்புப் பிரதியில் இருக்கிறது. நாற்பது குழித் தட்டின் படமும் இருக்கிறது. கெடு முடிந்ததும் அந்த அம்மாவுக்கு எழுதினேன். கேட்காமல் நீக்கியது என் தவறு, நீங்கள் சம்மதித்தால் திரும்பப் போடுகிறேன் என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: 'வேண்டாம் தம்பி. நான் இப்ப சொந்தமா விதை எடுத்து வெச்சுக்கறேன்.' அவர் அதன் பிறகு மன்றத்தில் எழுதவில்லை.